வெங்காய வேரில் பதினாறு

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)



தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது, “செல் பிரியும்போது குரோமோசோம்கள் எப்படித் தோன்றுகின்றன, பிறகு எப்படி மறைகின்றன என்று ஐயா பேசுவார்” என்றார். பாடநூலிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ‘தோன்றுகின்றன’, ‘மறைகின்றன’ என்ற இந்த இரண்டு சொற்களோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. விடைத்தாள் திருத்திய காலமெல்லாம் அந்தச் சொற்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டே மனத்துக்குள் முணுமுணுத்திருக்கிறேன். அந்த வழக்கைத்தான் இன்று உங்கள் முன் எடுத்து வைக்கப்போகிறேன்.

முதலில் நான் பட்ட ஒரு அவமானம். இளங்கலையில் எனக்குச் செய்முறைத் தேர்வு. குலுக்கிப்போட்ட சீட்டில் வெங்காய வேர்நுனி வந்தது. ஸ்லைடு போட்டேன், நுண்ணோக்கியில் வைத்தேன், பார்த்தேன். பெட்டி பெட்டியாகச் செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பாக ஓர் உருண்டை. வேறு எதுவும் இல்லை. நேரம் ஓடுகிறது. நான் என்ன செய்தேன்? புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்த படத்தை நோட்டில் வரைந்துவிட்டேன். நடுவில் வரிசையாக நிற்கும் குரோமோசோம்கள், இரு பக்கமும் கதிர்கோல் இழைகள், அழகான மெட்டாஃபேஸ். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குனிந்து நுண்ணோக்கியைப் பார்த்தார். பிறகு என் படத்தைப் பார்த்தார். “இது எங்கே இருக்கிறது, காட்டு” என்றார். “இந்த ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை சார்” என்றேன். “ஒன்றும் தெரியவில்லையா? நூறு உட்கரு தெரிகிறதே, அதை வரைய உனக்கு என்ன கேடு?” என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அன்று நான் செய்த தவறு வேரை நுனியில் வெட்டாமல் மேலே தள்ளி வெட்டியது. வெங்காய வேரில் செல் பிரிவது நுனியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்குள்தான். அதற்கு மேலே இருப்பவை நீள்கின்றன, பிரிவதில்லை. ஆனால் தேர்வாளர் சொன்னதில் இருந்த இன்னொரு விஷயம் எனக்குப் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. அந்தச் சிவப்பு உருண்டை ஒவ்வொன்றுக்குள்ளும் பதினாறு குரோமோசோம்கள் இருந்தன. நான்தான் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் உதவும். பெரிய வெங்காயத்தின் அடியில் காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, வாயகன்ற பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அடிப்பாகம் தண்ணீரைத் தொடும்படி உட்கார வைக்க வேண்டும். மூன்று நான்கு நாளில் வெள்ளை மீசை மாதிரி வேர் இறங்கும். நுனியை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கலவையில் போட்டால் செல்கள் அந்தந்த நிலையிலேயே உறைந்துவிடும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடுபடுத்த வேண்டும். செல்லுக்குச் செல் ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். அதன்பின் அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு. எங்கள் ஆய்வக உதவியாளர் அந்தச் சொட்டைத் துருப்பிடித்த ஊசியால்தான் கலக்குவார். புது ஊசி கொடுத்தால் வாங்கமாட்டார். துருவிலுள்ள இரும்பு சேர்ந்தால் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்பது அவர் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. கடைசியாக மேலே கண்ணாடிச் சில்லை வைத்து, ஒற்றுத்தாளை மடித்துப் போட்டு, கட்டைவிரலால் அமுக்க வேண்டும். விரல் பக்கவாட்டில் வழுக்கினால் எல்லாம் போச்சு.

சரியாக வந்த ஸ்லைடிலும் நூறு செல்லுக்குப் பத்துக்குக் குறைவாகத்தான் குரோமோசோம் கண்ணில் படும். மிச்சமெல்லாம் உருண்டைதான். காரணம் எளிது. வளர்ப்புத் தட்டில் பிரிந்துகொண்டே இருக்கும் மனிதச் செல் ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 24 மணி நேரம் என்றால், பிரிவதற்கு எடுத்துக்கொள்வது 1 மணி நேரம். மற்ற 23 மணி நேரத்தைப் பழைய புத்தகங்கள் ‘ஓய்வு நிலை’ என்றே எழுதின. 1953இல் ஆல்மா ஹோவர்டு, ஸ்டீஃபன் பெல்க் என்ற இருவர், மொச்சை வகைச் செடி ஒன்றின் வேருக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்து, டிஎன்ஏ எப்போது இரட்டிக்கிறது என்று பார்த்தார்கள். செல் பிரியும்போது அல்ல. அதற்கு வெகு முன்னால், அந்த ‘ஓய்வு’க்குள்ளேயே. சமையல், துணி துவைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் செய்து முடித்த பெண்ணைப் பார்த்து ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்பார்களே, அந்த மாதிரிப் பெயர் அது.

குரோமோசோமை முதலில் ஒழுங்காகப் பார்த்தவர் யார் என்றால், ஜெர்மனியில் கீல் நகரத்தில் இருந்த வால்டர் ஃபிளெமிங். 1882இல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. அவர் தேர்ந்தெடுத்த பிராணி சாலமாண்டர். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் பல்லி அல்ல. தவளைக்கு உறவு. அதன் குஞ்சுக்குச் செல்லும் பெரிது, குரோமோசோமும் பெரிது. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த அனிலின் சாயங்கள் அப்போது துணிக்குப் போட வந்திருந்தன. அவற்றைத் திசுவின் மேல் போட்டுப் பார்த்தார். உட்கருவுக்குள் சாயத்தை உறிஞ்சிக்கொண்ட பொருளுக்குக் குரோமாட்டின் என்று பெயர் வைத்தார். பிரிவின்போது அது நூல் நூலாக நிற்பதைக் கண்டு, கிரேக்கத்தில் நூலைக் குறிக்கும் சொல்லிலிருந்து மைட்டாசிஸ் என்ற பெயரை உண்டாக்கினார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு இழையுருப்பிரிவு என்று பெயர். ஃபிளெமிங் மனத்தில் இருந்தது அப்படியே அந்தச் சொல்லில் இருக்கிறது. நாம் இங்கே மைட்டாசிஸ் என்று எழுதிவிட்டு அடைப்புக்குறிக்குள் மறைமுகப் பகுப்பு என்று போடுகிறோம். எதை மறைக்கிறது, யாருக்கு மறைமுகம் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை.

குரோமோசோம் என்ற சொல் 1888இல் வால்டேயர் என்பவர் கொடுத்தது. நிறமுள்ள உடல் என்று பொருள். இலங்கையில் அதை நிறமூர்த்தம் என்கிறார்கள், அழகான சொல். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்த மூர்த்தத்துக்குச் சொந்த நிறம் கிடையாது. நிறம் நம்முடைய சாயப் புட்டியில் இருக்கிறது. பெயரிலேயே நாம் பார்த்த விதம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஃபிளெமிங் காலத்திலேயே சண்டை தொடங்கிவிட்டது. பிரிவு முடிந்ததும் நூல்கள் மங்கி, உட்கரு மறுபடி உருண்டையாகிவிடுகிறதே, அப்போது குரோமோசோம்கள் கரைந்தே போகின்றனவா? ருடால்ஃப் ஃபிக் என்ற உடற்கூற்றறிஞர் ஆமாம் என்கிற பக்கம். போர்ப் பயிற்சிக்காகக் கூடும் படைப்பிரிவு பயிற்சி முடிந்ததும் கலைந்துவிடுகிறது. அடுத்த பயிற்சிக்கு மறுபடி அணி சேர்கிறது. இதுவும் அப்படித்தான் என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கார்ல் ராபலும் தியோடர் போவெரியும். போவெரி எடுத்துக்கொண்டது குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழு. அதன் முட்டையில் குரோமோசோம்கள் இரண்டோ நான்கோதான், விரல்விட்டு எண்ணலாம். பிரிவு முடிந்து நூல்கள் மங்கும்போது அவற்றின் முனைகள் எங்கெங்கே நின்றன என்று குறித்துக்கொண்டார். அடுத்த பிரிவில் நூல்கள் தெரியத் தொடங்கியபோது முனைகள் அதே இடங்களில் இருந்தன. கலைந்துபோன படை மறுநாள் அவரவர் நின்ற கல்லிலேயே வந்து நிற்குமா? போகவேயில்லை என்பதுதான் பொருத்தமான விளக்கம். இருந்தாலும் இது ஊகித்து அறிந்ததுதான், கண்ணால் கண்டதல்ல.

கண்ணால் காண 1970 வரை ஆயிற்று. ராபர்ட் ஜான்சன், பி. என். ராவ் என்ற இருவர் ஒரு முரட்டு வேலை செய்தார்கள். பிரிவின் நடுவில் இருக்கும் செல்லையும், குரோமோசோம் தெரியாத நிலையில் இருக்கும் செல்லையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஒரே செல்லாக்கினார்கள். பிரியும் செல்லுக்குள் இருந்த ஏதோ ஒரு கட்டளை, தூங்குவதாக நாம் நினைத்த உட்கருவையும் பிடித்து உலுக்கியது. நேரம் வராமலே அதன் குரோமோசோம்கள் சுருண்டு வெளியே தெரிந்தன. டிஎன்ஏ இரட்டிப்பதற்கு முன்னால் பிடித்த செல்லில் ஒற்றை நூலாக இருந்தன. இரட்டித்த பிறகு பிடித்ததில் ஜோடி ஜோடியாக இருந்தன. இரட்டித்துக்கொண்டிருக்கும்போதே பிடித்ததில் பொடிப்பொடியாக நொறுங்கியது போலத் தெரிந்தன. இருப்பதைத்தானே உலுக்கி எழுப்ப முடியும்? என் வழக்கில் முதல் சாட்சி இதுதான்.

இரண்டாவது சாட்சி ஜெர்மனியின் கிரெமர் சகோதரர்கள். அவர்களும் பின்னால் வந்தவர்களும் ஒளிரும் சாயங்களால் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி நிறம் கொடுக்க, பிரியாத உட்கருவுக்குள் அவை கூழாகக் கலந்து கிடக்கவில்லை, ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இருக்கிறது என்று தெரிந்தது. ஓரத்தில் மட்டும் ஒன்றோடொன்று கொஞ்சம் உரசிக்கொள்கின்றன. பக்கத்து வீட்டுக் கொல்லையில் சாய்ந்த முருங்கைக் கிளை மாதிரி.

அப்படியானால் ஏன் தெரிவதில்லை? இங்கே கணக்கு வருகிறது. ஒளியால் பார்க்கும் நுண்ணோக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சுமார் 200 நானோமீட்டருக்கு நெருக்கமான இரண்டு பொருள்களை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. டிஎன்ஏ இழையின் தடிமன் 2 நானோமீட்டர். அது ஹிஸ்டோன் என்ற புரதக் குண்டுகளைச் சுற்றி, குண்டுக்குச் சுமார் 147 கார இணை வீதம், மணிமாலை போலக் கோத்துக்கொண்ட பிறகும் 10, 11 நானோமீட்டர்தான். நுண்ணோக்கியின் எல்லைக்கு வெகு கீழே. அதனால் விரிந்து கிடக்கும் நிலையில் தனி நூல் தெரியாது, மொத்தமும் சேர்ந்த சாய மூட்டம்தான் தெரியும். பிரிவின்போது ஒரு குரோமோசோமின் ஒரு பாதியே கிட்டத்தட்ட 700 நானோமீட்டர் தடிமனுக்கு வந்துவிடுகிறது. இப்போது எல்லையைத் தாண்டிவிட்டது, தெரிகிறது. மாறியது சரக்கின் உருவம். சரக்கு அங்கேயேதான் இருந்தது.

ஒரு மனிதச் செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். அது இருக்கும் உட்கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மனிதனின் முதலாவது குரோமோசோமில் மட்டும் சுமார் 8.5 சென்டிமீட்டர் இழை. என் சுட்டுவிரல் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி இரட்டித்து நிற்கும் 46 இழைகளை, ஒன்றும் அறுபடாமல், ஒன்றோடொன்று சிக்காமல், இரண்டு பங்காகச் சரியாகப் பிரித்து இரு மூலைக்கு இழுக்க வேண்டும். பூக்காரம்மா என்ன செய்கிறார்? மல்லிகைச் சரத்தை விரித்த நீளத்திலேயே சந்தைக்குத் தூக்கி வருவதில்லை. பந்தாகச் சுற்றித்தான் கூடையில் வைக்கிறார். விற்கும்போது பிரித்து முழம் போடுகிறார். பந்தாக இருக்கும்போது முழம் போட முடியாது, நீளமாக இருக்கும்போது தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

ஆனால் குரோமோசோம் பந்தாகச் சுருள்வதில்லை. இங்கே உவமையை மாற்ற வேண்டும். கிணற்றுக் கயிற்றைச் சுருட்டுவதை இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் இடையே வளையம் வளையமாகச் சுற்றி, நடுவில் ஒரு கட்டுப் போட்டு ஆணியில் மாட்டுவார்கள். மறுநாள் இழுத்தால் சிக்கில்லாமல் வரும். செல்லுக்குள் இந்த வேலையைச் செய்யும் கை காண்டென்சின் என்ற புரதக் கூட்டு. ஜப்பானிய விஞ்ஞானி தத்சுயா ஹிரானோ தவளை முட்டைச் சாற்றில் அதைப் பிடித்து, 1997இல் பெயர் வைத்தார். அது இழையைப் பற்றிக்கொண்டு உள்ளே இழுத்து இழுத்து வளையம் ஆக்குகிறது. 2018இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் ஒற்றை டிஎன்ஏ இழையில் காண்டென்சின் வளையம் இழுப்பதை அப்படியே படம் பிடித்துவிட்டார்கள். நொடிக்கு 1,500 இணை வரை இழுக்கிறது. அதே ஆண்டு, கோழியின் செல்களில் நடந்த இன்னோர் ஆய்வு, காண்டென்சினில் ஒரு வகை சுமார் 4 லட்சம் இணை நீளமுள்ள பெரிய வளையங்களைப் போட, இன்னொரு வகை அவற்றுக்குள் 80 ஆயிரம் இணைச் சிறு வளையங்களைப் போடுகிறது என்று காட்டியது. முதல் வகை உட்கருவுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது, உட்கரு உறை உடைந்த பிறகே உள்ளே நுழைய முடிகிறது. பிரிவின் தொடக்கமான புரோஃபேஸில் மெல்லிய நூலாகத் தெரிவது, நடுவில் வரிசை கட்டும் மெட்டாஃபேஸில் குட்டையும் தடிமனுமாக ஆவதை நாம் நுண்ணோக்கியில் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் இந்த இரண்டு கைகளின் வேலை இருக்கிறது.

இதில் எனக்கே ஆச்சரியமாக இருந்த ஒன்று: அடர்த்தியைக் கணக்கிட்டால், உருண்டையாக இருந்த நிலையைவிடப் பிரியும் நிலையில் இரண்டு மூன்று மடங்குதான் அதிகம் நெருங்குகிறது. பத்தாயிரம் மடங்கு சுருக்கம் என்று நாம் வகுப்பில் முழங்குவது நீட்டிய இழையின் நீளத்தோடு ஒப்பிட்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மணிமாலை மறுபடி முறுக்கிக்கொண்டு 30 நானோமீட்டர் கயிறாகிறது என்று பாடநூலில் அழகான படம் இருக்கும். 2017இல் அமெரிக்காவில் சால்க் நிறுவனத்தில் கிளோடா ஓஷேயின் குழு மனிதச் செல்லின் உட்கருவுக்குள் மின்னணு நுண்ணோக்கியால் தேடிப் பார்த்தது. அந்தக் கயிறு அங்கே இல்லை. 5 முதல் 24 நானோமீட்டர் வரை ஒழுங்கில்லாத சங்கிலிகள்தான், பிரியும்போதும் பிரியாதபோதும். நான் முப்பது வருடம் கரும்பலகையில் அந்தக் கயிற்றை வரைந்தவன். என் மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்க வேண்டும்.

சுருண்டிருக்கும் நேரத்தில் குரோமோசோமிலிருந்து மரபுச் செய்தி படிப்பது பெரும்பாலும் நின்றுபோகிறது. ஆகவே நாம் படத்தில் பார்க்கும் அந்த எக்ஸ் வடிவம், குரோமோசோம் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் மாறும் அந்தக் கொஞ்ச நேரத்து உருவம். அதுதான் புத்தக அட்டையில், மருத்துவமனைச் சுவரில், இன்றைய அழைப்பிதழில் எல்லாம் இருக்கிறது. கடை திறந்து வியாபாரம் நடக்கும் நேரத்துப் படத்தை யாரும் போடுவதில்லை. அது வெறும் உருண்டை.

பிரியாத செல்லில் குரோமோசோம் தெரியாது என்பதற்கு விதிவிலக்குகள் உண்டு. எனக்குப் பிடித்தவை அவைதான். 1949இல் கனடாவில் மர்ரே பாரும் எவர்ட் பெர்ட்ராமும் பூனையின் நரம்புச் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பூனையின் உட்கருவில் மட்டும் ஒரு கரும்புள்ளி. செல் பிரியவில்லை, ஆனால் புள்ளி தெரிகிறது. பெண்ணுக்குள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று வாயடைக்கப்பட்டுச் சுருண்டே கிடக்கிறது என்று 1961இல் மேரி லயன் விளக்கினார். வேலை இல்லாதது தெரிகிறது, வேலை செய்யும் மற்றொன்று தெரிவதில்லை. இதற்கு நேர்மாறு, கொசு போன்ற ஒரு வகை ஈயின் புழுவில் 1881இல் பால்பியானி என்பவர் கண்டது. உமிழ்நீர்ச் சுரப்பியில், செல் பிரியாமலே, பட்டை பட்டையாகக் கோடு போட்ட ராட்சதக் குரோமோசோம்கள். டிஎன்ஏ திரும்பத் திரும்ப இரட்டித்தும் பிரியாமல் ஆயிரக்கணக்கான இழைகள் பக்கம் பக்கமாக ஒட்டி நிற்பதால் எல்லையைத் தாண்டிவிடுகிறது. வேலை நடக்கும் இடம் அதில் புடைத்துக்கூடத் தெரியும்.

தெரிவது ஒன்று, எண்ண முடிவது வேறு. மனிதனுக்குக் குரோமோசோம்கள் 48 என்று தியோஃபிலஸ் பெயின்டர் 1923இல் எழுதினார். முப்பது ஆண்டுக்கு மேல் உலகமே 48 என்று படித்தது. பார்த்தவர்களும் 48 என்றே எண்ணினார்கள், ஏனென்றால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன, எண்ணிக்கையோ முன்பே தெரிந்திருந்தது. (இதே பெயின்டர்தான் 1933இல் பழ ஈயின் ராட்சதக் குரோமோசோம்களை மரபியலுக்குக் கொண்டுவந்தவர். ஒரு தவறை வைத்து ஆளை எடைபோடக் கூடாது.) 1950களின் தொடக்கத்தில் டி. சி. சூ என்பவரின் ஆய்வகத்தில் உப்புக் கரைசலைக் கலக்கியவர் தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டார். செல்கள் ஊதின, குரோமோசோம்கள் விலகிப் பரவின. என்ன தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கவே சூவுக்கு மாதங்கள் ஆயின. 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்டு நகரத்தில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ, இந்த நீர்த்த கரைசலோடு கால்ச்சிசினையும் சேர்த்து எண்ணினார். 46. மறுநாளும் எண்ணியிருப்பார், நானாக இருந்தால் எண்ணியிருப்பேன். அங்கிருந்த ஆய்வாளர் லெவானோடு சேர்ந்து 1956இல் வெளியிட்டார்.

கால்ச்சிசின் என்றேன். அது செடியிலிருந்து வரும் நஞ்சு. குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகளைக் கட்டவிடாமல் தடுக்கும். இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் சுருண்ட நிலையிலேயே நின்றுவிடும். தெரியும் நேரம் நீள்கிறது, எண்ணுகிறவனுக்குக் கொண்டாட்டம். அந்த நஞ்சு நம் செங்காந்தளிலும் இருக்கிறது. சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு ஒப்பிட்ட அதே காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கேட்டால் சொல்வார்கள். பந்தல் போட்டுக் கொடி ஏற்றி, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டுவைத்து, விதை எடுக்கிறார்கள். அந்த விதை மருந்துக்காக வெளிநாடு போகிறது.

கால்ச்சிசினைச் சொல்லிவிட்டு ஜானகி அம்மாளைச் சொல்லாமல் விட முடியாது. தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1930களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் குரோமோசோம் எண்ணினார். கரும்பு என்றால் சாதாரணம் அல்ல, வெங்காயத்தில் 16 என்றால் இனிப்புக் கரும்பில் 80; கலப்பினங்களில் நூறுக்கு மேல் போகும், எல்லாம் துளித்துளியாக வேறு இருக்கும். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெரிய நூலை 1945இல் வெளியிட்டார். அங்கே விஸ்லி தோட்டத்தில் கால்ச்சிசின் கொண்டு அவர் வேலை செய்த மக்னோலியாவில் ஒரு வகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இன்று ஒரு குழந்தைக்குக் குரோமோசோம் பரிசோதனை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால், அறிக்கை வர ஏன் இத்தனை நாள் என்று பெற்றோர் பதறுவார்கள். எடுத்த இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் பிரிவதில்லை. அவரைக் குடும்பத்துப் பயறு ஒன்றிலிருந்து எடுத்த புரதத்தைக் கொடுத்துத் தூண்டி, சுமார் 72 மணி நேரம் வளர்த்தால்தான் பிரியும் செல்கள் போதிய அளவு கிடைக்கும். பிறகு கால்ச்சிசின் வகை மருந்து, நீர்த்த உப்புக் கரைசல், சாயம். அதிலும் ஒரு நுணுக்கம்: மிகவும் சுருண்ட குரோமோசோமை எண்ணுவது சுலபம், ஆனால் அதன் பட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், சிறு துண்டு குறைந்திருந்தால் தெரியாது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, இன்னும் நீளமாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். அந்த நேரம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

பேச்சு நீண்டுவிட்டது. பின்னால் மேசையில் நான்கு நுண்ணோக்கிகள் வைத்திருக்கிறோம். வெங்காயம் உழவர் சந்தையில் வாங்கியது, ஸ்லைடு நேற்றுப் போட்டது. குழந்தைகளை முன்னால் விடுங்கள். முதல் மூன்றிலும் தேடினால் மெட்டாஃபேஸ் கிடைக்கும். பதினாறையும் எண்ணிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நான்காவதில் வேண்டுமென்றே நுனியைத் தள்ளி மேலே வெட்டிய வேரை வைத்திருக்கிறேன். அதில் உருண்டைகள்தான் இருக்கும். காகிதமும் பென்சிலும் பக்கத்திலேயே இருக்கின்றன, அதையும் ஒருமுறை வரைந்துவிட்டுப் போங்கள். இரண்டாவது நுண்ணோக்கியில் மேல்கண்ணாடி லேசாகக் கீறியிருக்கிறது; லென்ஸை ரொம்பக் கீழே இறக்கிவிடாதீர்கள்.